கறுப்பாக இருந்தால் கருங்காலியா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. மரக்காலை, தச்சுப்பட்டறை வைத்திருக்கிறவர்களும், கருங்காலி மாலை வாங்க யோசிக்கிறவர்களும் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

கருங்காலி மாலைக்கு இப்போது பெரிய மவுசு. இந்தியாவில் கிளம்பி நம்ம பக்கக் கடைகள் வரைக்கும் வந்துவிட்டது. அதனால் கறுப்பாக ஒரு மரத்துண்டைக் கண்டாலே ஆட்களுக்குக் காசுதான் தெரிகிறது. போன மாதம் அப்படி ஒரு குற்றியின் வழக்கு என்னிடம் வந்தது.

குற்றி ஒரு ஐயாவுடையது. மீள்குடியேறி வந்தபோது காணி மூலையில் பழைய பங்கருக்கு மேலே கிடந்ததாம். எங்கே தறித்த மரம் என்று சொல்ல ஆளில்லை. பட்டை இல்லை, வெளிப்பக்கம் உக்கிவிட்டது, வைரம் மட்டும் மிச்சம். விறகுக்குப் பிளந்தபோது உள்ளே மண்ணிறம். அதற்குள் நீலம் கலந்த கறுப்புக் கோடுகள் நார்ப்போக்கில் இரண்டடிக்கு மேல் ஓடியிருந்தன. கடைச்சல் பட்டறை வைத்திருக்கிற என் பழைய மாணவன் ஒரு துண்டை மெசினில் பூட்டிச் சின்னக் கிண்ணம் ஒன்று கடைந்தான். உண்மையாகவே வடிவு. படம் எடுத்து முகநூலில் போட்டான். ஒருவர் கருங்காலி என்றார், இன்னொருவர் கலமந்தர் என்றார். மூன்றாம் நாள் வெளியூர் வியாபாரி ஒருவர், மாலைமணி கடைய முழுக் குற்றியும் வேணும் என்று ஐயாவுக்கே போன் எடுத்துவிட்டார். அவர் சொன்ன விலை, பாதியில் நிற்கிற ஐயாவின் வீட்டுக்குக் கூரை போடக் காணும்.

"மாஸ்டர், நீங்கள் சயன்ஸ் படிப்பிக்கிறனீங்கள். இது கருங்காலிதானே?" என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வேணும் என்ற ஆசை அவர் முகத்திலேயே தெரிந்தது.

மூன்று பேரும் பட்டறையில் இருந்து பார்த்தோம்.

முதலில் தண்ணீர். 'தாழ்ந்தால் கருங்காலி' என்று யூடியூப்பில் சொல்கிறார்கள். கருங்காலி பாரமான மரம்தான். ஆனால் நம்ம காட்டுப் பாலையும் தண்ணீரில் தாழும். பாலைப்பழம் தின்று வளர்ந்த நமக்கு அது கருங்காலி ஆகிவிடுமா? இந்தச் சோதனையை வைத்து முடிவு எடுக்க ஏலாது.

இரண்டாவது, வெட்டுமுகம். மரத்தை அடையாளம் காண அதன் பக்கப் பலகையை விட, குறுக்கே வெட்டிய முகம்தான் முக்கியம். புது பிளேட்டால் அதை மெல்லிசாகச் சீவி, பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸால் பார்க்க வேணும். கருங்காலியில் துளைகள் மிக நுண்மையானவை, வெறுங்கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். இதிலோ துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரிந்தன. லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு துளையையும் சுற்றி வெளிறிய திட்டு. கருங்காலி இல்லை. கலமந்தர் மண்ணிறத்தில் கறுப்புக் கோடு ஓடும் மரம்தான். ஆனால் அதுவும் கருங்காலியின் இனம், நுண்துளை மரம். அதோடு அது நாட்டின் ஈரவலயக் காட்டு மரம். வன்னிப் பங்கர் ஒன்றுக்கு மேலே அது வந்து கிடக்க வழியில்லை.

மூன்றாவது, தேசிக்காய். கறுப்புக் கோட்டின் மேல் புளியைப் பிழிந்து தேய்த்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கறுப்பு வெளிறத் தொடங்கியது. கருங்காலியின் கறுப்பு அப்படிப் போகாது.

அப்போதுதான் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடுவதைப் பெடியன் கண்டான். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஒட்டிக்கொண்டது. உளியால் மெல்லக் கிளறினால், நகமளவு இரும்புத் துண்டு. செல் துண்டு.

மரக்காலையில் மருதமரச் சிராய் ஒன்று வாங்கி வந்து வெட்டுமுகத்தை ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்று. நம்ம ஆற்றங்கரையில் நிற்கிற அதே மருது.

கறுப்பு எப்படி வந்தது? மருதில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அது நீலக் கறுப்பாகும். மருதும் கடுக்காயும் ஒரே இனம். முந்தைய ஆட்கள் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே ரசாயனம்தான், அன்னபேதி இரும்பு உப்பு. வீட்டிலும் செய்து பார்க்கலாம். துருப்பிடித்த ஆணியை விநாகிரியில் இரண்டு நாள் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் சில துளியைப் பிளேன்டீயில் விட்டால் தேநீர் கறுத்துப் போகும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், குடிக்க விடாதீர்கள்.

ஐயாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவன் கருங்காலி எண்டு நினைச்சுத்தானே கேக்கிறான், குடுத்தால் என்ன?" என்றார்.

இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, கருங்காலி என்று பெயர் வைத்தால் காசோடு வழக்கும் வரும். கருங்காலியை நினைத்தபடி வெட்டவோ ஏற்றவோ சட்டம் விடாது. மரம் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேணும். வழியில் மறித்தால் முதலில் கேட்பது அதைத்தான். இரண்டு, மருதைக் கருங்காலி என்று வாங்கி ஒரு தாய் பிள்ளையின் கழுத்தில் போடுவாள். அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

மாலை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. தமிழ்நாட்டில் காசுக்கட்டி எடுக்கிற வேல இன மரத்துக்கும் கருங்காலி என்றுதான் பெயர். நம்ம கருங்காலி வேறு மரம். இது போதாதென்று சாயம் போட்ட மணிகளும் வருகின்றன. 'கருங்காலி' என்று எழுதியிருந்தால் எந்தக் கருங்காலி என்று கேளுங்கள்.

பட்டறைக்காரருக்கு இதைவிட முக்கியமானது. முதலாம் உலக யுத்தம் நடந்த வடகிழக்குப் பிரான்சின் காடுகளில், நூறு வருடம் கழிந்தும் மரத்துக்குள் செல் துண்டு இருக்கிறது. அங்கே மரம் அரிகிறவர்களுக்கு அது பெரிய தலையிடி. நமக்கு இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை. சுற்றுகிற மெசினில் இரும்பு உளியில் பட்டால் கண் போகும். ஆகவே வன்னி மரம் எதையும் பூட்ட முன்னம் காந்தம் வைத்துப் பாருங்கள். ஆழத்தில் இருக்கும் இரும்பைக் காந்தம் காட்டாது, ஆனால் தனின் உள்ள மரத்தில் நீலக் கறுப்புக் கோடு காட்டிக் கொடுக்கலாம். கோட்டைக் கண்டால் மெசினை நிறுத்துங்கள். உள்ளே இருப்பது துண்டாக இல்லாமல் முழுப் பொருளாகத் தெரிந்தால் தொடாதீர்கள், பொலிசுக்கு அறிவியுங்கள். முதிரை கடைகிறவர்கள் முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், நீளக்கை உடுப்புப் போடுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் கொண்டுவரும்.

வியாபாரிக்கு ஐயாவே போன் எடுத்து மருது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கதையில்லை. பெடியன் இப்போது அந்தக் குற்றியில், காந்தம் வைத்துப் பார்த்துப் பார்த்து, கிண்ணம் கடைகிறான். அடியில் 'மருது, நெடுங்கேணி' என்று எழுதுகிறான். ஆறு முடிந்திருக்கிறது, இரண்டு விற்றது. காசில் பாதி ஐயாவுக்கு. கூரைக்கு இது காணாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

வேணும் என்கிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், பட்டறைக்கு வழி சொல்கிறேன். மரவேலை செய்கிற யாரும் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிவை அவருக்குக் கட்டாயம் காட்டுங்கள்.