வடக்கன்குளம்: நடுச்சுவர் விழுந்த கோயில்

மே மாதம் பிறந்தால் வடக்கன்குளத்துக்கு இரண்டு தேதிகள் அடுத்தடுத்து வருகின்றன. மே 14, மே 15. காலண்டரில் நடுவே ஒரே ஓர் இரவுதான். ஆனால், அந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் 277 ஆண்டுகள் இருக்கின்றன.

1745 மே 14 அன்று, திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்டன் என்பவர் இந்த ஊரில் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று, ரோமில் போப் பிரான்சிஸ் அந்தத் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், மனைவியோடு குடும்பம் நடத்திய ஓர் இந்தியர் புனிதர் பட்டம் பெற்றது அதுவே முதல்முறை.

எந்தப் பங்கும் பெருமையோடு கொண்டாடக்கூடிய தேதிகள் இவை. ஆனால், இந்த ஊரின் பெயர் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறியதற்கு இன்னோர் ஆண்டும் காரணம். அது 1910. அந்த ஆண்டில் இங்கே எதுவும் கட்டப்படவில்லை. ஒன்று இடிக்கப்பட்டது.

ஆற்றைத் தாண்டி, தெற்கே…

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து கிளம்பினால் முதலில் தாமிரபரணியைத் தாண்ட வேண்டும். அதற்காக 1843-ல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் இன்றும் இருக்கிறது. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே படகை நம்பிக் கிடந்த மக்களுக்காக, கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த ஒருவர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது.

பாளையங்கோட்டையைத் தாண்டி நாகர்கோவில் சாலையில் தெற்கே போகப் போக, ஆற்றுப் பாசனத்தின் பச்சை குறைந்துகொண்டே வரும். நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று ஊர்கள் மாறும். வயல் போய்ப் பனை வரும். மேற்கே மகேந்திரகிரி மலை கூடவே வரும். காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கத் தொடங்கும் இடத்தில் காவல்கிணறு விலக்கு. அங்கிருந்து பிரிந்து சற்றுத் தூரம் போனால் வடக்கன்குளம்.

இங்கே கத்தோலிக்க சபை தொடங்கியது 1680-களில். முதலில் மனம் மாறியவர் ஒரு பெண் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அந்த ஒரு வீட்டிலிருந்து சபை வளர்ந்தது. சிறிய கோயில் எழுந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தென்பாண்டி நாட்டின் முக்கியமான மறைத்தளங்களில் ஒன்றாக வடக்கன்குளம் ஆகிவிட்டது. இன்று இது தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. கோயிலின் பெயர் திருக்குடும்ப ஆலயம்.

எல்லைக்கு இந்தப் பக்கம்

நீலகண்டன் பிறந்தது 1712-ல், இன்றைய குமரி மாவட்டத்தின் நட்டாலத்தில். வேதம் அவருக்கு அறிமுகமானது ஒரு போர்க்கைதியின் மூலமாக! 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. அப்போது பிடிபட்டவர் டிலனாய். பிறகு அவரே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். மனக் கவலையில் இருந்த நீலகண்டனுக்கு இந்த டிலனாய்தான் விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார் என்பார்கள்.

அரசுப் பணியில் இருக்கும் ஒருவர் திருவிதாங்கூருக்குள் திருமுழுக்குப் பெறுவது ஆபத்தான காரியம். வடக்கன்குளமோ ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம், பாண்டிச் சீமையில் இருந்தது. இங்கே பங்கை நடத்திவந்தவர், மக்கள் ‘பரஞ்சோதிநாதர்’ என்று அழைத்த இத்தாலிய இயேசு சபைக் குரு புத்தாரி. அவர் கையால் திருமுழுக்கு நடந்தது. லாசர் என்ற பெயரைத் தமிழில் ‘தேவசகாயம்’ என்று வைத்தார்கள். அவர் மனைவி பார்கவியும் திருமுழுக்குப் பெற்றார். அவருக்கு ‘ஞானப்பூ’ என்று பெயர்.

தேவசகாயம் ஊர் திரும்பியதும் சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லோரோடும் பழகினார். அந்தக் காலத்தில் இது மதம் மாறியதைவிடப் பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1749-ல் கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மூன்று ஆண்டுச் சித்திரவதைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடல் நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஞானப்பூ வடக்கன்குளத்துக்கு வந்து, கடைசிக் காலத்தை இங்கேயே கழித்தார். அவர் கல்லறையும் இந்த மண்ணில்தான்.

ஒரே பீடம், இரண்டு கூடம்

சாதி பாராமல் பழகியதற்காகவும் உயிரைக் கொடுத்த ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊர் இது. அந்த ஊரில் அடுத்த நூற்றாண்டில் நடந்ததுதான் கதையின் கசப்பான பகுதி.

1773-ல் போப் பதினான்காம் கிளமெண்ட் இயேசு சபையைக் கலைத்தார். குருக்கள் வருவது அரிதானது. உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும்தான் சபையைக் காப்பாற்றினார்கள். ஆனால், கூடவே ‘இந்த வேலை எங்கள் சாதிக்கு, இந்த மரியாதை எங்கள் குடும்பத்துக்கு’ என்ற வழக்கங்களும் இறுகிப்போயின. 1830-களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மிஷனுக்கு மறுபடியும் வந்தபோது, பக்தி இருந்தது, பிரிவினையும் இருந்தது.

புதிய பெரிய கோயில் கட்ட வேண்டும். யார் எங்கே உட்காருவது? இந்தத் தகராறுக்குக் கண்டுபிடித்த தீர்வு விநோதமானது. பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால்களைப் போலப் பிரியும் இரண்டு கூடங்கள். நடுவே சுவர். வேளாளரும் அவர்களோடு சேர்ந்த சாதியினரும் ஒரு கூடத்தில். நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் இன்னொரு கூடத்தில். 1870-களில் இந்தக் கோயில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வாளர்கள் இதை ‘ட்ரவுசர் சர்ச்’ என்றே குறிப்பிடுகிறார்கள்.

ஒரே பூசை, ஒரே அப்பம், ஒரே பிரசங்கம். கேட்பவர்கள் மட்டும் சுவருக்கு இருபுறமும்.

வடக்கன்குளத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தமிழகத்தில் பல ஊர்க் கோயில்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் தடுப்புகள் இருந்தன. இங்கே அது கட்டடத்தின் வரைபடத்திலேயே ஏறிவிட்டது. அதுதான் வித்தியாசம்.

1910: கடப்பாரையும் கோர்ட்டும்

கௌசானல் அடிகளார் பிரான்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குரு. பாளையங்கோட்டையில் 1903-ல் திரு இருதய சகோதரர்கள் சபையைத் தொடங்கியவர். வடக்கன்குளத்தின் பங்குத்தந்தையாக இருந்தபோது, 1910-ல் இவர்தான் அந்த நடுச்சுவரை இடித்தார்.

சுவர் விழுந்ததை ஊர் முழுக்கக் கைதட்டி வரவேற்றது என்று சொல்வதற்கில்லை. பழைய வழக்கத்தை இழந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மைக்கேல் பிள்ளை வாதி. திருச்சிராப்பள்ளி ஆயர் பார்த் பிரதிவாதி. தங்களுக்குத் தனி இடம் என்பது காலங்காலமான உரிமை என்பது வாதிகள் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கிறிஸ்தவர்களான பிறகு, இன்னொரு கிறிஸ்தவர் பக்கத்தில் இருந்தால் தீட்டு என்று உரிமை கேட்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இந்தத் தீர்ப்பு இடம்பெற்றிருக்கிறது. கோயில்களில் சாதி உரிமை பற்றிய விவாதங்களில் வழக்கறிஞர்கள் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் இந்த வரலாற்றை விரிவாக எழுதியிருக்கிறார். நெல்லைச் சீமையின் சமூக வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தேடிப் படிக்கலாம்.

யூபிலி என்றால் என்ன?

நெல்லைப் பக்கம் ஒரு பங்கின் ஆண்டு விழா என்றால் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கோயிலுக்கு வெள்ளையடிப்பார்கள். கோபுரத்தில் சீரியல் பல்பு தொங்கும். கொடியேற்றம், நவநாள், மூன்று நாள் தியானம், அன்பியம் வாரியாக ஜெபம், நற்கருணைப் பவனி, சப்பரம், கடைசியில் அசனம். சென்னையிலும் மும்பையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் லீவு போட்டு வந்து சேருவார்கள். ஊரே ஒரு குடும்பமாகும் நாட்கள் அவை.

ஆனால், யூபிலி என்ற சொல்லின் வேர் விவிலியத்தின் லேவியர் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே ஐம்பதாவது ஆண்டில் ஆட்டுக் கிடாயின் கொம்பை ஊதி அறிவிப்பார்கள். அடிமைகள் விடுதலையாக வேண்டும். கைமாறிய நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அதாவது, காலப்போக்கில் சமுதாயத்தில் விழுந்த கோணல்களை நிமிர்த்தும் ஆண்டு அது. கத்தோலிக்கத் திருச்சபை 1300-ல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. 2025-ல் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்ற தலைப்பில் உலகம் முழுக்க யூபிலி ஆண்டு கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் தேவசகாயம் இந்தியப் பொதுநிலையினரின் பாதுகாவலராகவும் அறிவிக்கப்பட்டார்.

பழைய ஞானோபதேசம் படித்த பாட்டிமார்களைக் கேட்டால், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் அறிக்கை, கடைசியாகப் பரிகாரம். முதல் நான்கும் மனசும் வாயும் செய்வது. ஐந்தாவதைக் கையால் செய்ய வேண்டும்.

ஒரு தனி மனிதருக்குச் சொன்ன இந்த ஐந்தும் ஒரு பங்குக்கும் பொருந்தும். தியானப் பிரசங்கத்தில் கண் கலங்குவது மனஸ்தாபம். சுவரை இடிப்பது பரிகாரம். வடக்கன்குளம் அந்த ஐந்தாவது காரியத்தைச் செய்தது. சண்டை வரும், வழக்கு வரும், சிலர் முகம் திருப்பிக்கொள்வார்கள் என்று தெரிந்தும் செய்தது. ஆன்மிகப் புதுப்பித்தல் என்று நோட்டீஸில் அச்சடிக்கும் வார்த்தைக்கு இந்த வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

வேலை முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் பற்றிய பேச்சு பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித் மக்களின் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. செங்கல் சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். கல்யாணப் பேச்சிலும், விழாக் கமிட்டிப் பட்டியலிலும் இருக்கும் சுவர்களுக்குக் கடப்பாரை எட்டுவதில்லை.

ஒரு சின்ன விஷயம் நம்பிக்கை தருகிறது. நீண்ட காலம் ‘தேவசகாயம் பிள்ளை’ என்றே சொல்லப்பட்டவர், புனிதர் பட்ட அறிவிப்பில் வெறும் ‘தேவசகாயம்’ ஆனார். சாதிப் பெயர் வேண்டாம் என்று எழுந்த கோரிக்கையை வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. 1745-ல் பரஞ்சோதிநாதர் வைத்த பெயர் மட்டும் மிஞ்சியது.

2035-ல், 1685-லிருந்து கணக்கிட்டால் வடக்கன்குளம் மிஷனுக்கு 350 வயது. 2045-ல் தேவசகாயத்தின் திருமுழுக்குக்கு 300 வயது. அப்போதும் கொடி ஏறும், சப்பரம் வரும், அசனப் பானைகள் கொதிக்கும். இலை போட்டு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது, 1910-ல் விழுந்த செங்கற்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு யாராவது சொன்னால் விழா நிறைவாக இருக்கும்.

எப்படிச் செல்வது?

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு. அங்கிருந்து வடக்கன்குளத்துக்குப் பிரிய வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் வள்ளியூரில் இறங்கலாம். வடக்கன்குளம் கோயில், ஞானப்பூ அம்மாளின் கல்லறை, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை, நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் பேராலயம் ஆகிய நான்கையும் காலையில் கிளம்பினால் ஒரே நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம். மே மாதத்தில் போகிறவர்கள் வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்வது நல்லது.