மயக்க மருந்து கொடுத்தார்களா?

தடித்த கம்பளித் துணியில் தைத்த கருநீலக் கோட்டு. இடுப்பைச் சுற்றி மரகதப் பச்சை நிறத்தில் ஒரு பட்டுக் கச்சை. அதற்கு மேல் பழுப்பேறிய கறைகளோடு ஒரு ஏப்ரன். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்து வெயிலில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கெட்டிஸ்பேர்க்கில் நான் சந்தித்த வைத்தியர் இந்தக் கோலத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஏப்ரனில் இருந்தது சாயம். அவரும் வைத்தியர் அல்லர். ஓய்வுபெற்ற பாடசாலை ஆசிரியர்.

ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகள்தான் அங்கே கூட்டிச் சென்றாள். "மாமா, நீங்கள் சண்டையைப் பற்றியே எழுதின ஆள். இவங்கள் சண்டையை எப்பிடி ஞாபகம் வைச்சிருக்கிறாங்கள் எண்டு ஒருக்கா பாருங்கோ" என்றாள்.

1861இலிருந்து 1865வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சமர் கெட்டிஸ்பேர்க்கில் நிகழ்ந்தது. 1863 ஜூலை 1ஆம் திகதி தொடங்கி மூன்றே நாட்கள். இரு தரப்பிலும் இறந்தோர், காயமடைந்தோர், காணாமற்போனோர் என்று ஏறத்தாழ 50,000 பேர். ஆண்டுதோறும் அந்த நாட்களில் அக்கால உடைகளை அணிந்து கூடாரமடித்துத் தங்கிச் சமரை மீள நடித்துக் காட்டுவோர் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அநேகர் சிப்பாயாகவே விரும்புவர். நமது ஆசிரியர் இருபத்திரண்டு வருடங்களாகப் படை வைத்தியராக வருபவர். "விழுந்து சாவது இலகு. கூடாரத்துக்குள் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் கடினம்" என்றார் சிரித்தபடி.

கழற்றியெடுத்த கதவொன்றை இரண்டு பீப்பாய்களின் மேல் வைத்து அதையே சத்திரசிகிச்சை மேசையாக்கியிருந்தார். கூடாரத்தின் நிழலிலிருந்து அதை வெளியே இழுத்துப் போட்டிருந்தார். அக்காலத்தில் போதிய வெளிச்சம் வேண்டி வெட்டவெளியில்தான் பெரும்பாலும் வெட்டுவார்களாம். மேசைமேல் நீண்ட கத்தி, எலும்பு வாள், இரத்தத்தை நிறுத்தும் இறுக்குப் பட்டி. ஒரு இளைஞன் வந்து படுத்தான். இறைச்சிக் கடையில் வாங்கிய எலும்பொன்றை அவனது காலோடு மறைத்து வைத்து அவர் வாளை இழுத்தார். அந்தச் சத்தம் கேட்டதும் கூட்டம் அடங்கியது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

முடிந்ததும் முன்வரிசையில் நின்ற தகப்பன் ஒருவர் கேட்டார்: "துப்பாக்கிக் குண்டைக் கடிக்கக் கொடுத்துவிட்டுத்தானே வெட்டினார்கள்?"

இருபத்திரண்டு வருடங்களாக இதே கேள்விதானாம். பொறுமையோடு பதில் சொன்னார். வடபகுதிப் படையின் பதிவுகளின்படி 80,000க்கும் அதிகமான சந்தர்ப்பங்களில் மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் குளோரோபோம். ஈதர் தீப்பற்றக்கூடியது, குளோரோபோம் தீப்பற்றாது, சிறிதளவே போதும், விரைவில் மயக்கும். கைக்குட்டையைக் கூம்பாக மடித்து, உள்ளே பஞ்சு வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டு மூக்கருகே பிடிப்பார்கள். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போகும் முன்னர் நோயாளி முனகுவான், கைகால்களை உதறுவான். தூரத்தில் நின்று பார்த்தவன் "உயிரோடு அறுக்கிறார்கள்" என்று ஊருக்குக் கடிதம் எழுதினான். கதை அப்படிப் பரவியது.

வைத்தியர்களை அவர் வெள்ளையடிக்கவும் இல்லை. ஒருவனை வெட்டிய கத்தியை ஏப்ரனில் துடைத்துவிட்டு அடுத்தவனை வெட்டுவதையும் நடித்துக் காட்டினார். கிருமிகளைப் பற்றி அவர்கள் அறிந்திருக்கவில்லை. லிஸ்டர் தமது கிருமியழிப்பு முறையை வெளியிட்டது போர் முடிந்த பின்னர், 1867இல். அப்போரில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நோயினால் இறந்தவர்கள். கால்களை வெட்டியதற்கும் காரணம் இருந்தது. மினியே எனப்படும் மென்மையான ஈயக் குண்டு எலும்பைத் துளைக்காது, நொறுக்கிவிடும். முதல் நாளிலேயே வெட்டப்பட்டவன் பிழைக்கும் வாய்ப்பு, பிந்தி வெட்டப்பட்டவனைவிட அதிகம். "அவர்களைக் கசாப்புக்காரர்கள் என்று சொல்லாதீர்கள், தேவர்கள் என்றும் சொல்லாதீர்கள். செய்ததை மட்டும் சொல்லுங்கள்" என்று முடித்தார்.

கூட்டம் கலைந்தபின் அவருடைய புத்தகப் பெட்டியைப் பார்த்தேன். ட்ருவிட் எழுதிய சத்திரசிகிச்சை நூலின் பழைய பதிப்பொன்று அதில் இருந்தது. அக்காலப் படை வைத்தியர்கள் பயன்படுத்தியது என்றார். எனக்கு வியப்புத் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய டொக்டர் சாமுவேல் கிறீன், மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். 1847இல் எங்கள் மண்ணுக்கு வந்து, இடையில் தாயகம் சென்று, அமெரிக்கப் போர் நடந்துகொண்டிருந்த 1862இல் மீண்டும் வந்தார். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவருடைய முயற்சியால் அதே ட்ருவிட் நூல் 1867இல் 'இரணவைத்தியம்' என்ற பெயரில் தமிழில் வெளிவந்தது. இதைச் சொன்னபோது ஆசிரியர் சிறுபிள்ளைபோல மகிழ்ந்து, 'இரணவைத்தியம்' என்று மூன்று முறை சொல்லிப் பழகினார்.

அவர் மகிழ்ந்துகொண்டிருந்தபோது என் மனம் வேறிடத்தில் இருந்தது.

1990இல் யாழ்ப்பாணத்தில் எறிகணை வீச்சில் என் பெரியம்மாவின் மகன் இடது காலை இழந்தார். நான் அப்போது பத்திரிகைக்குப் புதியவன். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒருவர் "மயக்க மருந்து இல்லாமல்தானாம் வெட்டினவை" என்றார். உள்ளே சென்று விசாரிக்கவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். கொட்டை எழுத்துத் தலைப்போடு வெளிவந்தது. பலர் பாராட்டினார்கள்.

மூன்று மாதங்களின் பின் அண்ணையைப் பார்க்கப் போனேன். பத்திரிகையை மடித்துத் தலையணையின் கீழ் வைத்திருந்தார். "தம்பி, எனக்கு மயக்க மருந்து தந்தவை. கையிருப்பிலை கொஞ்சந்தான் இருந்ததாம். அந்த டொக்டர் இரண்டு இரவு நித்திரை கொள்ளேல்லை. நீ அந்த மனுசனைக் கசாப்புக்காரன் மாதிரி எழுதிப்போட்டாய்" என்றார். திருத்தம் போடுகிறேன் என்றேன். போடவில்லை. போர்க்காலம், கடதாசித் தட்டுப்பாடு, எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்று எனக்கு நானே பல காரணங்களைச் சொல்லிக்கொண்டேன்.

2009இல் வன்னியிலிருந்து அதே செய்தி வந்தது. இம்முறை அது உண்மை. போதிய மயக்க மருந்தின்றி அவயவங்கள் வெட்டப்பட்டதையும், சேலைகளைக் கிழித்துக் கட்டுப் போட்டதையும், சேலைன் போத்தல்கள் மரக்கிளைகளில் தொங்கியதையும் 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆனால் 2009இல் கொழும்பில் அதை நான் சொன்னபோது, நீண்டகால நண்பரான சக பத்திரிகையாளர் ஒருவர், "இதைத்தானே நீங்கள் எப்போதும் எழுதுகிறீர்கள்" என்றார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரது நம்பிக்கையின்மைக்கு என்னுடைய 1990ஆம் ஆண்டுத் தலைப்பும் ஒரு கல் எடுத்துக் கொடுத்திருந்தது.

இவையெல்லாவற்றையும் அந்த ஆசிரியரிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, தாமும் முதல் நான்கு வருடங்கள் சிப்பாயின் வாயில் குண்டைத் திணித்தே நடித்ததாகவும், அதற்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைத்ததாகவும் சொன்னார். பழைய பதிவுகளை வாசித்தபின் நிறுத்திவிட்டாராம். இப்போது கைதட்டல் குறைவு என்றார்.

அண்ணை 2021இல் காலமானார். அந்த வைத்தியர் எங்கிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எனவே போடாமல் விட்டதை இங்கே போடுகிறேன்.

திருத்தம்: 1990இல் யாழ்ப்பாணத்தில் எறிகணையால் காயமடைந்த இளைஞர் ஒருவரின் கால் மயக்க மருந்தின்றி அகற்றப்பட்டது என நான் எழுதியது தவறு. இருந்த சொற்ப மருந்தில் அவருக்குரியதைக் கொடுத்தே வைத்தியர் அவரது உயிரைக் காப்பாற்றினார். தவறு முழுவதும் என்னுடையது.