நியூ ஆர்லியன்ஸில் ஒரு கிளாஸ்

நியூ ஆர்லியன்ஸுக்குப் போனால் ஸாஸராக் என்ற பெயர் காதில் விழாமல் இராது. விஸ்கிப் பானம், 2008-ல் லூசியானா சட்டசபையே அதை அந்நகரத்தின் காக்டெயில் என்று அறிவித்துவிட்டது! (குடிக்கச் சொல்லவில்லை, அம்மணிகளே, கதை ருசியானது.)

வீட்டில் இரண்டு கிளாஸ் வைத்துக்கொண்டு கலக்குகிறார்கள். ஒன்று ஐஸில் குளிர்ந்துகொண்டிருக்கும். மற்றதில் சர்க்கரைக் கட்டியைக் கசப்புச் சாற்றில் நனைத்து நசுக்கி, ரை விஸ்கியும் ஐஸும் சேர்ப்பார்கள். அந்தச் சாறு, அந்நாளில் ராயல் தெருவில் மருந்துக் கடை வைத்திருந்த பேஷோ என்பவரின் கைப்பக்குவம். பிறகு, குளிர்ந்த கிளாஸைக் காலி செய்து, சோம்பு மணக்கும் அப்ஸிந்தைச் சுழற்றிக் கொட்டிவிட்டு, கலவையை வடித்து, எலுமிச்சைத் தோலைப் பிழிவார்கள்.

வீட்டில் கலப்பவள் பெண்ணாக இருக்கலாம், ஸாஸராக் மதுக்கூடத்துக்குள்? மார்டி க்ரா திருநாள் தவிர மற்ற நாளெல்லாம் ஆண்கள் ராஜ்யம்! 1949 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் ஓட்டலில் புதுக் கூடம் திறந்தபோதுதான் தடை நீங்கியது. அன்றைக்கே பெண்கள் திரளாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.