கதை கேட்கும் நாய்

நாய் என்றால் நம்மில் பல குடும்பங்களில் அதற்கு வாசற்படியோடு சரி. மிஞ்சினால் கொல்லைப்புறம். 'காவலுக்கு இருக்கட்டும், கூடத்துக்குள் வரக் கூடாது' என்பது என் மாமியார் காலத்துச் சட்டம். அந்தச் சட்டத்திலேயே குடித்தனம் நடத்தி அறுபது வயதையும் தாண்டிவிட்ட நான், ஒரு நாயால் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்ய முடியும் என்பதை 2023-ஆம் வருஷம் நேரிலேயே பார்த்தேன். சிறு குழந்தைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மகள் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறாள். அந்த வருஷம் ஏப்ரல் மாசம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு அப்போது ஏழு வயசு. நல்ல சமர்த்து. கணக்கு சட்டென்று போடுவான், அழகாகப் படம் வரைவான். ஆனால் பேச்சில் திக்கல். முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கு நிற்பான். வாரம் ஒரு தடவை பேச்சுப் பயிற்சிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தான்.

ஒருநாள் வகுப்பில் உரக்க வாசிக்கும்போது சில பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான். அன்றிலிருந்து கதைப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று அடம். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குத் தினமும் வயிற்றுவலி.

"நான் பேசாமலே இருந்துட்டா யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல, பாட்டி?"

திக்கித் திக்கி அவன் இதைக் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. ஏழு வயசில் ஒரு குழந்தை வாயை மூடிக்கொள்வதென்று தீர்மானம் செய்துவிட்டால், அப்புறம் அதைத் திறக்க வைப்பது லேசான காரியமா?

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணிதான் ஒரு யோசனை சொன்னாராம். பக்கத்து நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் நாய் ஒன்று வருகிறது, அதற்குப் படித்துக் காட்டட்டும் என்று.

"நாய்க்குக் கதை படிக்கிறதா? நல்ல கூத்து!" என்று மாப்பிள்ளை சிரித்தார். மகள் விடவில்லை. "சும்மா போய்ப் பார்ப்போம், காசா பணமா?" என்று எங்களைக் கிளப்பிவிட்டாள்.

நூலகத்தில் குழந்தைகள் பகுதியில் ஒரு கம்பளம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பெரிய நாய் ஒன்று சாவகாசமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் அதை வளர்க்கும் அம்மாள். பேரன் அவன் கொண்டுவந்த புத்தகத்தோடு உட்கார்ந்தான். ஐந்து நிமிஷம் ஒரு சத்தமும் இல்லை. யாரும் அவனைப் 'படி, படி' என்று விரட்டவில்லை. நாய் மெல்ல நகர்ந்து வந்து அவன் முழங்கால்மேல் முகவாயை வைத்தது. இவன் அதன் காதைத் தடவினான். தடவிக்கொண்டே வாசிக்கத் தொடங்கினான்.

நாலாவது வரியில் ஒரு வார்த்தை சிக்கிக்கொண்டது. நாய் அசையவில்லை. அந்த அம்மாள், "இந்த வார்த்தை அவளுக்குப் புதுசு. என்ன அர்த்தம்னு நீயே அவளுக்குச் சொல்லேன்" என்கிற பாவனையில் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். திக்கும் பையன் ஒரே நொடியில் வாத்தியாராகிவிட்டான்! இருபது நிமிஷத்தில் ஏழெட்டுப் பக்கம் ஓடிவிட்டது.

காரில் திரும்பும்போது என் காதோடு சொன்னான்: "பாட்டி, அது சிரிக்கவே இல்ல."

இந்தச் சிகிச்சைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1950-களில் நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர் இருந்தார். அவருடைய நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். யாரோடும் ஒட்டாத ஒரு பையனை அவன் தாயார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே அழைத்து வந்துவிட்டார். ஜிங்கிள்ஸ் ஓடிப் போய் அவனை நக்க, பையன் பயப்படாமல் அதைக் கட்டிக்கொண்டான். முதலில் நாயோடு சிநேகம், பிறகு மெல்ல மெல்ல டாக்டரோடும் சிநேகம். 1961-ல் அமெரிக்க உளவியல் சங்கக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது, 'ஃபீஸில் நாய்க்கு எவ்வளவு பங்கு?' என்று கேலி செய்தவர்களும் உண்டாம். அவர் அசரவில்லை. 1962-ல் கட்டுரையாகவும், 1969-ல் புத்தகமாகவும் எழுதி வெளியிட்டார்.

வாசிப்புக்கு நாயைத் துணை சேர்க்கும் திட்டம் தொடங்கியது என் மகள் இருக்கும் அதே ஊரில்தான். இன்டர்மவுன்டன் தெரபி அனிமல்ஸ் என்ற அமைப்பு 1999-ல் ஆரம்பித்தது. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. உரக்க வாசிக்கும்போது குழந்தைக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும். பக்கத்தில் சாதுவான நாய் இருந்தால் அது குறைவாகவே இருக்கிறது என்று எரிகா ஃப்ரீட்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1983-லேயே ஓர் ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். திக்குவாய் உள்ளவர்கள் பலர் தனியாக இருக்கும்போதும், பாடும்போதும், செல்லப் பிராணிகளோடு பேசும்போதும் அவ்வளவாகத் திக்குவதில்லை. நாய் திருத்தாது. கடிகாரத்தைப் பார்க்காது. 'பக்கத்து வீட்டுப் பையன் எப்படிப் படிக்கிறான் பார்' என்று ஒப்பிடாது.

பேரனுக்குத் திக்கல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. நாய் அதைக் குணப்படுத்தவில்லை, பேச்சுப் பயிற்சியை நிறுத்தவும் இல்லை. ஆனால் நாலைந்து சனிக்கிழமைக்குப் பிறகு காலை வயிற்றுவலி நின்றது. நான் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம், வகுப்பில் தானாகவே கையைத் தூக்கி ஒரு பக்கம் வாசித்தானாம். இடையில் இரண்டு இடத்தில் திக்கியதாம். "பரவால்ல, முடிச்சுட்டேன்" என்றான். எனக்கு அது போதும்.

சரி, நாளைக்கே ஒரு நாயை வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். சிகிச்சைக்கு வருகிற நாயும் வீட்டு நாயும் ஒன்றல்ல. அதன் சுபாவத்தைச் சோதித்து, தடுப்பூசி போட்டு, உடம்பைப் பரிசோதித்துத்தான் குழந்தைகளிடம் விடுகிறார்கள். காதைப் பிடித்து இழுத்தாலும், திடீரென்று சத்தம் கேட்டாலும் சீறக் கூடாது. வளர்ப்பவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். நாய்க்கும் அலுப்பு உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓயாமல் கொட்டாவி விட்டால் 'போதும்' என்று அர்த்தம். நம் சென்னையிலும் ப்ளூ கிராஸ் அமைப்பு, 'டாக்டர் டாக்' என்ற பெயரில் சாதுவான நாய்களைச் சிறப்புக் குழந்தைகளின் பள்ளிகளுக்கு அழைத்துப் போனதுண்டு. ஹாங்காங்கில் 1991-ல் பிறந்த திட்டம் அது.

தெருநாயைத் தடவிப் பழகட்டும் என்று குழந்தையை விட்டுவிடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும் பிராண்டினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப் பொடி எதுவும் வேண்டாம்.

திக்கல் ஆறு மாசத்துக்கு மேல் நீடித்தால், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. மைசூரில் 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் இருக்கிறது.

நாய் இல்லாத வீட்டிலும் ஒன்று செய்யலாம். ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் இருபது நிமிஷம் குழந்தை பக்கத்தில் உட்காருங்கள். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். அவன் வாசிக்கட்டும். வார்த்தை சிக்கினால் நீங்கள் எடுத்துக் கொடுக்காமல், திருத்தாமல், முகத்தில் பரபரப்புக் காட்டாமல் காத்திருங்கள். பேசவே தெரியாத அந்தச் சாம்பல் நாய் செய்தது இவ்வளவுதான். பத்து நாள் செய்து பாருங்கள், குழந்தை தானே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உங்களைத் தேடி வரும்.