உத்தர்பாராவில் 'பொலோராம்'

ஹௌராவில் லோக்கல் ரயில் ஏறினால் லிலுவா, பேலூர், பாலி; நாலாவது ஸ்டேஷன் உத்தர்பாரா. கல்கத்தா வரும் நம் ஊர்க்காரர்கள் பேலூர் மடம் பார்த்த புண்ணியத்தோடு திரும்பிவிடுவார்கள். நான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனதற்குக் காரணம் ஒரு ஃபுட்பால்காரர். துளசிதாஸ் பலராம்.

யார் என்று கேட்கிறீர்களா? பரவாயில்லை. எதிர் ஸீட்டில் பொரி கொறித்துக்கொண்டிருந்த பையனுக்கும் தெரியவில்லை. மெஸ்ஸியின் மாமனார் பெயர்கூடச் சொல்வான் போலிருந்தது.

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு ஃபைனல். எதிரே தென் கொரியா, முதல் சுற்றில் நம்மை 2-0 என்று சாத்தியவர்கள். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா சேர்க்காததைக் கண்டித்தவர் சோந்தி என்ற இந்தியர். அந்தக் கோபத்தில் ஸ்டேடியமே நம் ஆட்களைப் பார்த்துக் கூச்சல் போட்டது. நமக்காகக் கத்தியவர்கள் யார் தெரியுமோ? பாகிஸ்தான் ஹாக்கி டீம்! பி.கே. பானர்ஜி ஒரு கோல், தலைக்காயத்தோடு ஆடிய ஜர்னைல் சிங் ஒரு கோல். 2-1, தங்கம். அதற்கப்புறம் இந்தப் போட்டியில் நமக்குக் கால்பந்துத் தங்கம் கிடைக்கவே இல்லை.

அந்த டீமின் முன்வரிசையில் மூன்று பேர்: சுனி கோஸ்வாமி, பி.கே., பலராம். மும்மூர்த்திகள். நான் பி.காம். படித்தவன், எதற்கும் பேரேடு போட்டுப் பார்க்கிற புத்தி. சுனி பெயரில் பத்மஸ்ரீ 1983, தபால்தலை 2020. பி.கே. பெயரில் பத்மஸ்ரீ 1990. பலராம் பெயரில் 1962-ல் அர்ஜுனா விருது. பத்மஸ்ரீ அந்தப் பக்கத்தில் ஏறவே இல்லை.

செகந்தராபாத் கன்டோன்மென்ட் பக்கம் அம்முகுடா கிராமத்துப் பையன். தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் முத்தம்மா. பழைய போலீஸ் பூட்ஸை வெட்டிச் செருப்புத் தைப்பவர் செய்து கொடுத்ததுதான் அவருடைய ஃபுட்பால் பூட்ஸ். பயிற்சியாளர் ரஹீம் ஹைதராபாத்துக்கு வரச் சொன்னபோது, பஸ்ஸுக்குக் காசில்லை. வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்தார். (அந்த ரஹீமும் ஜகார்த்தா முடிந்த அடுத்த வருஷமே புற்றுநோயில் போய்விட்டார்.)

1957-ல் ஈஸ்ட் பெங்கால். 1961-ல் அவர்தான் கேப்டன். லீக் பட்டமும் வந்தது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மார்க்கெட்டில் இலிஷ் மீன் விலை ஏறும், மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும் என்பார்கள். ஒரு தமிழ்ப் பையன் வங்காளிகளின் மீன் விலையை ஏற்றியிருக்கிறான் என்றால் சும்மாவா? 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல்.

1963-ல் நுரையீரல் நோய். இருபத்தாறு, இருபத்தேழு வயசில் ஆட்டம் முடிந்தது. சுனி கிரிக்கெட்டிலும் பெயர் வாங்கினார், பி.கே. பெரிய கோச் ஆனார். தவிர, இருவரும் வங்காளத்துச் செல்லப்பிள்ளைகள். பலராமை ஹைதராபாத் 'கல்கத்தாக்காரர்' என்றது. கல்கத்தா 'ஹைதராபாத்காரர்' என்றது. விருதுக்குச் சிபாரிசு செய்ய வேண்டிய நேரத்தில் இரண்டு ஊரும் அடுத்த ஊரைக் கை காட்டியிருக்கும் என்பது என் சந்தேகம்.

உத்தர்பாராவில் 1859-ல் திறந்த ஜெய்கிருஷ்ணா நூலகம், பெரிய பெரிய தூண்களோடு ஆற்றைப் பார்த்து நிற்கிறது. இப்படி ஹூக்ளி ஓரமாக ஒரு ஃபிளாட்டில்தான் பலராமின் கடைசிக் காலம். 2023 பிப்ரவரி 16-ல் காலமானார். ஜகார்த்தா கதையை 'மைதான்' என்று சினிமாவாக எடுத்தார்கள். தியேட்டருக்கு வந்தது 2024 ஏப்ரலில்.

படித்துறை டீக்கடையில் ஒரு பெரியவரிடம், "பலராம் தெரியுமா?" என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். "ஃபுட்பால்... ஈஸ்ட் பெங்கால்..." என்று இழுத்தேன்.

"ஓ! பொலோராம்!"

முகம் மலர்ந்துவிட்டது. டீ குடித்த மண் குவளையைத் தரையில் வைத்தார். நான் எதிரணி டிஃபெண்டராம், நகரக் கூடாதாம். வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போகிற மாதிரி தோளைச் சாய்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பினேன். குவளை இடது பக்கமாக என்னைத் தாண்டிப் படிக்கட்டில் உருண்டது.

"இப்படித்தான்," என்றார் ஹிந்தியில். "டீக்கு நீங்கதான் காசு கொடுக்கணும்."