உப்பைக் கழுவும் ஊர்

கொரெஸ்ம் பகுதியில் பிப்ரவரி மாதக் கடைசியில் வயல்களுக்குத் தண்ணீர் கட்டுவார்கள். அப்போது நிலத்தில் பயிர் எதுவும் இருக்காது. விதைப்புக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். வரப்பை உயர்த்தி, பாத்தி நிறையத் தண்ணீரை நிறுத்தி, அது மண்ணுக்குள் இறங்கியதும் மறுபடியும் நிறுத்துவார்கள். சில நிலங்களுக்கு மூன்று தடவை. சென்ற ஆண்டு முழுவதும் மண்ணின் மேலே ஏறி வந்த உப்பைக் கழுவி இறக்குவதற்கே இந்தத் தண்ணீர். இதைச் செய்யாமல் விட்டால் ஏப்ரலில் போடுகிற பருத்தி விதை முளைவிட்ட இடத்திலேயே கருகிப்போகும்.

பாலைவனச் சோலை என்றதும் நமக்கு ஊற்றும் பேரீச்சை மரமும் நிழலும்தான் நினைவுக்கு வருகின்றன. கொரெஸ்மில் அப்படி எதுவும் இல்லை. உஸ்பெகிஸ்தானின் வடமேற்கில் கிசில்கும், கராகும் என்ற இரண்டு பாலைவனங்களுக்கு நடுவில், ஆமு தர்யா ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடக்கிற சமவெளி அது. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவுக்கே மழை. வெயில் கொளுத்துகிற கோடை, நிலம் உறைகிற குளிர்காலம். பாமிர் மலைப் பனி உருகி ஆற்றில் வந்து, ஆற்றிலிருந்து மனிதன் வெட்டிய கால்வாயில் வந்து சேரும் தண்ணீர்தான் அங்கே பச்சையாகத் தெரிவது எல்லாம். கால்வாய் முடிகிற இடத்தில் பச்சையும் முடிந்துவிடும். அடுத்த அடி மணல். இப்படிப்பட்ட மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உழுது வந்திருக்கிறார்கள். இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல் பிருனி 973இல் பிறந்தது இந்த நாட்டில்தான்.

தண்ணீரைக் கொண்டுவருவதில் அவர்களுக்கு இருந்த திறமையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, தண்ணீரை வெளியே அனுப்புவதில் அவர்கள் காட்டிய கவனம். உர்கெஞ்ச் நகருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கோடையின் கடைசியில், ஒரு விவசாயக் குடும்பத்தோடு தங்கியிருந்தேன். தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, அந்த வீட்டுப் பெரியவர் பழமரங்களின் பக்கமே போகவில்லை. நேராகக் கொல்லைக்கு அழைத்துப்போய், ஆள் உயரத்துக்குப் பள்ளமாக நாணல் மண்டிக் கிடந்த ஓர் ஓடையைக் காட்டினார். ஜவூர் என்று அதற்குப் பெயர். வயலிலிருந்து கசிகிற உப்புத் தண்ணீரை வாங்கி வெளியேற்றுகிற வடிகால். ஜவூர் தூர்ந்தால் தோட்டம் மூன்று நான்கு ஆண்டில் வெளுத்துவிடும் என்றார். அது ஓடினால்தான் மற்றதெல்லாம், வாருங்கள், இப்போது முலாம்பழம் சாப்பிடலாம் என்று திரும்பி நடந்தார்.

காரணம் எளியது. ஆற்று நீரில் சிறிதளவு உப்பு எப்போதும் உண்டு. நிலத்தடி நீரிலும் உண்டு. பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தடி நீர்மட்டம் உயர்கிறது. தரைக்கு இரண்டு மீட்டருக்குள் அது வந்துவிட்டால், மண் அந்த நீரைத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மேலே இழுத்துக்கொள்ளும். வெயில் நீரை எடுத்துக்கொள்ளும், உப்பு தரையில் தங்கும். காலையில் பார்த்தால் வயலில் பனி விழுந்ததுபோல இருக்கும். இன்று கொரெஸ்மின் பாசன நிலம் ஏறத்தாழ 2,70,000 ஹெக்டேர். அதில் உப்புப் படியாத நிலம் என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை.

பழைய நாளில் நிலைமை இவ்வளவு மோசமாக இல்லை. அன்றைய கால்வாய்கள் வயலைவிடத் தாழ்வாக ஓடின. தண்ணீரை மேலே ஏற்ற வேண்டுமானால் சிகிர் வேண்டும். மண் குடங்களைச் சுற்றிலும் கட்டிய பெரிய மரச் சக்கரம் அது. ஒட்டகமோ எருதோ கழுதையோ செக்கு மாடுபோல நாள் முழுக்கச் சுற்றி வந்தால் குடம் குடமாக நீர் ஏறும். இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய தண்ணீரை எவனும் வீணாக்கமாட்டான். பயிருக்கு வேண்டியது மட்டும் போகும். தாழ்ந்து ஓடிய கால்வாய்களே வடிகாலாகவும் உதவின. வயலுக்கு வயல் நடுவே உழாமல் விட்ட தரிசு, பக்கத்து நிலத்து உப்பை ஏற்றுக்கொண்டது. அன்று உப்பை அடக்கிவைத்தது அவர்களுடைய ஞானம் மட்டுமல்ல, விலங்கின் முதுகு வலியும்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரு மாடு ஒரு நாளில் எவ்வளவு இறைக்கும் என்ற எல்லை நிலத்தைக் காப்பாற்றியது.

ஆமு தர்யா வண்டல் மிகுந்த ஆறு. ஒரு பருவத்தில் கால்வாய் பாதி தூர்ந்துவிடும். அதனால் ஆண்டுதோறும் ஊரே மண்வெட்டியோடு இறங்கித் தூர்வார வேண்டும். இதை ஹஷர் என்கிறார்கள். நம்முடைய குடிமராமத்துதான். யாருக்கு எப்போது மடை திறப்பது என்பதை முடிவு செய்ய மிராப் என்றொருவர் இருப்பார். கீவா நகரிலிருந்து கொரெஸ்மை ஆண்ட கான்களின் காலத்தில் தூர்வாருவது குடிகளின் கட்டாயக் கடமை, அதில் கொடுமையும் இருந்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வாரிப்போட்ட வண்டலும் இடிந்த பழைய மண் சுவர்களின் தூளும் உரமாக வயலுக்குப் போயின. லூசர்ன் தீவனப் பயிரை இடையிடையே விதைத்து நிலத்துக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கியதைத் திருப்பித் தருகிற கணக்கு அது.

அந்தக் கணக்கு இன்றும் பிசகாமல் நடக்கிற இடம் வீட்டுத் தோட்டம். தமோர்கா என்பார்கள். சுற்றிலும் மண் சுவர், உள்ளே கால் ஹெக்டேர்கூட இருக்காது. வாசலையொட்டித் திராட்சைப் பந்தல். அதன் கீழே அகலமான கட்டில் போன்ற மேடை. குடும்பம் கோடை முழுக்க அதில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறது. சர்க்கரைப் பாதாமி, ஆப்பிள், பீச், மாதுளை, அத்தி. மரங்களுக்கு நடுவே உருளைக்கிழங்கு, வெங்காயம், தக்காளி, பிலாவ் சோற்றுக்கான மஞ்சள் கேரட். ஒரு மூலையில் லூசர்ன், அதை அறுத்துப் போட ஒரு மாடு, மாட்டுச் சாணம் திரும்ப மண்ணுக்கு. பருத்தி அறுவடை முடிந்ததும் அதன் காய்ந்த மாறு தந்தூர் அடுப்புக்கு விறகு. பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்கு, பிண்ணாக்கு மாட்டுக்கு.

குளிர்காலம் வருமுன் இவர்கள் செய்கிற வேலை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. திராட்சைக் கொடிகளைப் பந்தலிலிருந்து இறக்கி, கவாத்து செய்து, சுருட்டித் தரையில் படுக்கவைத்து மண்ணைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அத்தியையும் மாதுளையையும்கூட வளைத்துப் புதைக்கிறார்கள். உறைபனியில் வெறுமனே விட்டால் செத்துப்போகும். மார்ச்சில் நவ்ரோஸ் பண்டிகையை ஒட்டி மண்ணை விலக்கி எடுத்து மறுபடி பந்தலில் ஏற்றுவார்கள். முதிர்ந்த கொடியின் அடித்தண்டு கணுக்கால் பருமனில் இருக்கும். அதை முறியாமல் வளைக்கத் தெரிய வேண்டும். வீட்டுப் பெண்கள்தான் இதில் கைதேர்ந்தவர்கள். ஆண்கள் பலர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விடுவதால், இப்போது தோட்டத்தின் முழுப் பொறுப்பும் பெரும்பாலும் அவர்களிடம்தான்.

முலாம்பழத்துக்கு வருகிறேன். 14ஆம் நூற்றாண்டில் இவ்வழியே போன இபின் பதூதா, கொரெஸ்ம் முலாம்பழத்துக்கு நிகராக புகாராப் பழத்தைத் தவிர வேறில்லை என்று எழுதிவைத்தார். கீற்றுக் கீற்றாக வெட்டி வெயிலில் உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கொண்டுபோனார்களாம். அந்த உலர்பழத்தை இன்றும் சடை பின்னுவதுபோலப் பின்னிச் சந்தையில் விற்கிறார்கள். தாமதமாகப் பழுக்கிற வகைகளை நாணல் உறியில் கட்டி, இருட்டறையில் தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்க வைத்திருந்து சாப்பிடுவார்கள். முதலில் வருகிற சின்ன ஹந்தலாக், பிறகு குர்வாக், நீண்டு பருத்த மிர்சாச்சூல் என்று வகைகள் ஏராளம். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் பிறந்த பாபர், டெல்லி ஆட்சியைப் பிடித்த பிறகும் முலாம்பழ ஏக்கம் தீராமல், பால்க்கிலிருந்து முலாம்பழம் பயிரிடத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு ஆக்ரா தோட்டத்தில் போட்டுப் பார்த்தார். யாரோ கொண்டுவந்த ஒரு பழத்தை அறுத்தபோது கண் கலங்கியதைத் தன் நினைவுக் குறிப்பில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கீவா முலாம்பழத்தைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தக் கண்ணீரில் மிகை எதுவும் தெரியாது.

இந்தத் தோட்டத்துச் சுவரைத் தாண்டினால் பருத்தி வயல். அதன் கதை வேறு.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து நின்று ரஷ்ய ஆலைகள் தவித்தன. அதற்குப் பிறகு மத்திய ஆசியாவின் மேல் ஜார் அரசின் கண் பருத்திக்காகவும் விழுந்தது. 1873இல் கீவா வீழ்ந்தது. அமெரிக்க ரகங்கள் வந்தன. சோவியத் காலத்தில் இலக்கு வைத்துப் பயிரிட்டார்கள். 1930களின் கடைசியிலிருந்து கொரெஸ்மின் கால்வாய்களை மாற்றி அமைத்து, தண்ணீர் தானாகவே வயலுக்குப் பாயும்படி செய்தார்கள். சிகிர் ஒழிந்தது, மாடும் மனிதனும் பட்ட பாடு ஒழிந்தது. அது உண்மையான விடுதலை என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் எல்லையும் சேர்ந்து ஒழிந்தது. தண்ணீர் வேண்டியமட்டும் பாய்ந்தது, நிலத்தடி நீர் ஏறியது, உப்பு மேலே வந்தது. வடிகால்களைப் பெரிய அளவில் வெட்டியது பிற்பாடுதான். தரிசுகள் உழப்பட்டன. லூசர்னுக்கு இடமில்லாமல் பருத்திக்குப் பின் பருத்தியாக விதைத்தார்கள். கழுவுவதற்கென்றே மேலும் தண்ணீர் தேவைப்பட்டது.

ஆற்றின் மேற்பகுதியில் 1954இல் கராகும் கால்வாய் வெட்டத் தொடங்கி, துர்க்மேனிஸ்தான் பாலைவனத்தின் குறுக்கே 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டுபோனார்கள். 1960இல் ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகின் நான்காவது பெரிய ஏரியாக இருந்த ஆரல் கடல் வற்றிப்போனதை எல்லோரும் அறிவார்கள். மோய்னாக் ஊரில் மணலில் நிற்கும் மீன்பிடிப் படகுகளைப் படத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு ஏரி உண்டு. கொரெஸ்ம் வயல்கள் கழித்துவிட்ட உப்பு நீரெல்லாம் மேற்கே சாரிகமிஷ் என்ற பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கடல் சுருங்கிய அதே ஆண்டுகளில் அந்தக் கழிவு ஏரி பெருகியது. வயலை நனைத்த நீரில் எவ்வளவு பயிருக்குப் பயன்படாமல் போனது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சாட்சி தேவையில்லை.

மனிதர்களையும் பருத்தி வருத்தியது. சோவியத் ஆட்சி போன பிறகும் பல ஆண்டுகள் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மருத்துவமனை ஊழியர்களையும் பருத்தி எடுக்க வயலுக்கு அனுப்பினார்கள். உலக நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தன. 2020இல் அரசு பருத்திக்கான கட்டாய உற்பத்தி ஒதுக்கீட்டைக் கைவிட்டது. 2021 அறுவடையில் அமைப்பு ரீதியான கட்டாய உழைப்பு இல்லை என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு அறிவித்த பின், 2022 மார்ச்சில் புறக்கணிப்பு நீங்கியது. நல்ல செய்திகள் அரிதான ஒரு துறையில் இது மிக நல்ல செய்தி.

இப்போது புதியவை வந்திருக்கின்றன. லேசர் கருவி வைத்து நிலத்தைச் சமப்படுத்துகிறார்கள். மேடுபள்ளம் போனால் குறைந்த நீரில் பாத்தி முழுதும் ஒரே சீராக நனையும், உப்பும் சீராக இறங்கும். பழைய ஞானத்தோடு முழுக்கப் பொருந்துகிற கருவி இது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு அரசு மானியம் தருகிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் அது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று பேசுவது சரியல்ல. சொட்டு விழுகிற வட்டத்தின் ஓரத்தில் உப்பு வளையமாகச் சேரும். பிப்ரவரிக் கழுவல் இல்லாமல் கொரெஸ்மில் சொட்டுநீர் நிலைக்காது. 2000களில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யுனெஸ்கோவோடு சேர்ந்து உர்கெஞ்சில் பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். உப்பேறிக் கைவிட்ட நிலங்களில் ஜிதா போன்ற உள்ளூர் மரங்களை வைத்தார்கள். ஜிதா நிலத்தடி நீரைத் தானே உறிஞ்சி வாழ்கிறது, மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கிறது, பழமும் தீவனமும் விறகும் தருகிறது. கிராமத்துக் கிழவர்கள் கால்வாய்க் கரைகளில் காலங்காலமாக வளர்த்துவந்த மரம்தான்.

எனக்குக் கவலை தருவது இனி வரப்போவது. ஆப்கானிஸ்தான் தன் வடபகுதியில் 2022 முதல் கோஷ் தேப்பா கால்வாயை வெட்டுகிறது. 285 கிலோமீட்டர் நீளம், ஆமு தர்யாவிலிருந்து தண்ணீர். பல பத்தாண்டுப் போரில் நொந்த அந்த மக்களுக்கு அந்த ஆற்றில் உரிமை உண்டு, அதில் ஐயமே வேண்டாம். 1992இல் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகள் தங்களுக்குள் நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் செய்துகொண்டபோது ஆப்கானிஸ்தானை அழைக்கவில்லை. இப்போது கடைமடையில் இருப்பது கொரெஸ்மும் அதற்கும் கீழே கரகல்பாக்ஸ்தானும். தண்ணீர் குறைந்தால் முதலில் நிற்கப்போவது பாசனம் அல்ல, கழுவல். பயிர் இல்லாத வயலுக்கு எதற்குத் தண்ணீர் என்று தூரத்தில் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர் எளிதாக அடித்துவிடுவார். அதை அடித்தால் இரண்டு மூன்று ஆண்டில் நிலம் வெளுக்கும், வெளுத்த நிலத்தில் விதைக்க ஒன்றும் இருக்காது. பங்கீடு பேசுகிறவர்கள் ஆறு நாடுகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, உப்புக் கழுவும் நீரைக் கடைசிச் சொட்டாக அல்ல, முதல் ஒதுக்கீடாக எழுத வேண்டும். பருத்திப் பரப்பைக் குறைத்தாவது இதைச் செய்ய வேண்டும்.

கீவாவின் நீல ஓடு பதித்த கோபுரங்களைப் பார்க்கப் போகும் தமிழர்கள் இப்போது அதிகமாகிவருகிறார்கள். போகிறவர்கள் ஒரு நாளைக் கோட்டைச் சுவருக்கு வெளியே செலவிடுங்கள். ஆகஸ்டில் போனால் முலாம்பழம் கிடைக்கும். மார்ச் தொடக்கத்தில் போனால், ஒன்றும் விளையாத வயல்களில் தண்ணீரைக் கட்டி நிறுத்தியிருப்பதைப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மார்ச்சில் போங்கள்.