கூரையில் ஒரு வட்டம்

முற்காலத்தில் மும்பைத் தீவு முடிந்த இடம் சயான். எல்லை எனப் பொருள்படும் ‘சீவ்’ என்னும் மராத்தியச் சொல்லே சயான் என மருவியது என்பர். அங்குள்ள பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாமனும் மருமகனும் மடக்கு ஏணியை விரித்தனர். மாமன் தாராவியில் வாழும் மின்பணியாளர், திருநெல்வேலிப் பக்கத்தவர். மருமகன் அவருடைய அக்காள் மகன். ஊரில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

கூடத்தின் கான்கிரீட் தளத்துக்குக் கீழே, இரும்புச் சட்டங்களில் புதிதாக உள்கூரை அமைத்திருந்தனர். ஃபால்ஸ் சீலிங் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். அது பாரிஸ் சாந்தால் ஆனது. ராஜஸ்தானத்தில் மிகுதியாகக் கிடைக்கும் ஜிப்சத்தை 373 கெல்வின் வெப்பநிலையில் சூடாக்கினால், அதிலுள்ள நீரின் பெரும்பகுதி நீங்கி இச்சாந்து கிடைக்கும். நீர் கலந்தால் மீண்டும் கல்லாக இறுகும். பத்தாம் வகுப்பில் சமன்பாடாகப் படிப்பது இங்கே தலைக்கு மேல் நிற்கிறது! இறுகிய சாந்து வளையாது; உடையும். துளையிடுவோரின் அச்சமெல்லாம் அதனால்தான்.

கூடம் 12 அடி நீளம்; விளக்குகள் மூன்று. சுவரிலிருந்து 2 அடி, பின் 4, மீண்டும் 4, இறுதியில் 2 என மாமன் நூல் பிடித்துப் புள்ளி வைத்தார். கோலப் புள்ளி போன்றதே. ஆனால் இதை மறுநாள் அழித்து வைக்க முடியாது. மேலே சட்டம் ஏதும் குறுக்கிடுகிறதா என்று ஒரு காந்தத்தை நகர்த்திப் பார்த்தார். மின் இணைப்பை முன்னரே துண்டித்திருந்தார்.

ஹோல்சா என்பது கிண்ணம் போன்ற ரம்பம். விளிம்பில் பற்கள் இருக்கும். கண்ணாடியும் முகமூடியும் அணிந்துகொண்டு, முதலில் அதை எதிர்த்திசையில் சுழலவிட்டு, வண்ணப்பூச்சின்மேல் மெல்லிய வட்டம் கீறினார். எடுத்த எடுப்பில் அழுத்தினால் பற்கள் பூச்சைப் பிய்த்துவிடும். வட்டம் பதிந்த பின்னரே நேர்த்திசை. அப்போதும் மிகுதியாக அழுத்தவில்லை. மருமகன் பழைய டப்பாவைக் கீழே பிடித்துத் தூசியை ஏந்தினான். சாந்து வில்லை டப்பாவில் விழுந்தது. துளையின் விளிம்பில் ஒரு பொருக்குக்கூடப் பெயரவில்லை. மற்ற இரண்டும் அவ்வாறே முடிந்தன.

சாமி படத்துக்கு மேலே சிறிய விளக்கு ஒன்று எஞ்சியிருந்தது.

“மாமா, இதை நான் போடட்டுமா?”

“போடு. பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துக்க.”

பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தன: 90 மி.மீ., 75 மி.மீ. முன்னது விளக்கின் முகத்தளவு. பின்னது துளையின் அளவு. மருமகன் முதல் எண்ணோடு நின்றுவிட்டான். துளை என்னவோ அழகாகத்தான் விழுந்தது. விளக்கைத் தூக்கி வைத்தான். தாங்கி நிற்கவேண்டிய விளிம்பும் உள்ளே புகுந்து, விளக்கு கம்பியில் தொங்கியது. துளை சிறிதாக இருந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துப் பெரிதாக்கலாம். பெரிய துளையை என்ன செய்வது?

வழி ஒன்று இருந்தது. சற்றுப் பெரிய விளக்கை வாங்கி மாட்டிவிட்டால் எவரும் அறியார். வீட்டு அம்மையாரோ சமையலறையில் இருந்தார். மாமன் ஏணியிலிருந்து இறங்கிச் சென்று அவரை அழைத்து வந்தார். துளையைக் காட்டி, பெரிய விளக்கைத் தம் செலவில் மாட்டித் தருவதாக மராத்தியில் கூறினார். “ஆம்சி சூக்” என்றார். தமிழில் ‘எங்கள்’ வேறு, ‘நம்’ வேறு; மராத்தியிலும் அவ்வாறே ‘ஆம்சி’ வேறு, ‘ஆப்லி’ வேறு. அம்மையார் சிறிது நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார்.

புதிய விளக்கின் விலை அன்றைய கூலியில் கழிந்தது. மாலையில் படியிறங்கும்போது மருமகன் கேட்டான்: “அந்த அம்மாகிட்ட என்ன சொன்னீங்க, மாமா?”

மாமன் ஏணியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“எங்க தப்புன்னு சொன்னேன்.”